அரை கிராம்கூட இல்லாத குண்டு, அறுபது மீட்டர் தூரம்

பொம்மைத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் ஏர்சாஃப்டில், ஒளிந்திருந்து தொலைவிலிருந்து சுடும் ஸ்னைப்பராக ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் எடுத்த எடுப்பிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் போடலாம்?” நானும் அதைத்தான் கேட்டேன். ஸ்பிரிங்கை மாற்றினேன், ஸ்கோப்பை மாற்றினேன், குழலை மாற்றினேன். குண்டு மட்டும் போன இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. கோளாறு துப்பாக்கியில் இல்லை, கேள்வியில்தான் என்று பிறகுதான் புரிந்தது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வரி. ஏர்சாஃப்டில் எல்லோரும் சுடுவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. நல்ல தயாரிப்புகளில் துல்லியமாக 5.95. பட்டவர் தானே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும். ஸ்னைப்பர் கையில் இருப்பது பெரும்பாலும் போல்ட் துப்பாக்கி. போல்ட் என்கிற கைப்பிடியை இழுத்தால் ஸ்பிரிங் அழுந்தி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ட்ரிக்கரை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து சிலிண்டரில் உள்ள காற்றை நெருக்கும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். ஒரு சைக்கிள் பம்பை ஓங்கி அடித்த மாதிரிதான், வெடிமருந்து எதுவும் கிடையாது.

பல மைதானங்களில் சாதாரண ஆட்டக்காரரின் துப்பாக்கிக்கு விநாடிக்கு 350 அடி, போல்ட் துப்பாக்கிக்கு 500 அடி என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டுமே 0.20 கிராம் குண்டை வைத்து அளந்தது. மீட்டரில் சொன்னால் விநாடிக்கு 107, 152. ஆற்றலாக மாற்றினால் சுமார் 1.1 ஜூல், 2.3 ஜூல். இரண்டு மடங்கு! அப்படியானால் தூரமும் இரண்டு மடங்கு கிடைக்கும் என்றுதானே மனம் கணக்குப் போடும்? அங்கேதான் காற்று குறுக்கே வந்து நிற்கிறது.

152 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 0.20 கிராம் குண்டைக் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை, அந்தக் குண்டின் எடையைப் போல 85 மடங்குக்கும் மேல். குண்டு அவ்வளவு லேசானது, காற்றோ அதற்குச் சேறு மாதிரி. தோராயமாகக் கணக்கிட்டால், 0.20 கிராம் குண்டு ஒவ்வொரு 18 மீட்டரிலும் தன் வேகத்தில் பாதியை இழக்கிறது. 152ல் கிளம்பியது 18 மீட்டரில் 76, 36 மீட்டரில் 38, 54 மீட்டரில் வெறும் 19.

இப்போது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி ஆற்றலை இரட்டிப்பாக்கினால் என்ன லாபம் என்று பார்க்கலாம். ஆற்றல் இரட்டிப்பானால் வேகம் இரட்டிப்பாவதில்லை, 1.4 மடங்குதான் ஆகிறது. பாதியாவதற்கே 18 மீட்டர் போதும் என்றால், அந்தக் கூடுதல் வேகம் கரைந்துபோக 9 மீட்டர் போதும். அதாவது பாடுபட்டு, கை வலிக்க வலிக்க இழுக்கிற கெட்டி ஸ்பிரிங் தருவது ஒன்பது மீட்டர்.

இனி ஸ்பிரிங்கைத் தொடாமல் குண்டை மட்டும் மாற்றுவோம். அதே 2.3 ஜூல், ஆனால் 0.40 கிராம் குண்டு. கிளம்பும்போது இது மெதுவாகத்தான் போகும், விநாடிக்கு 108 மீட்டர். ஆனால் குண்டின் அளவு மாறவில்லை, அதனால் அதே வேகத்தில் காற்றின் தடையும் அதேதான். தள்ளப்படும் பொருளோ இரண்டு மடங்கு கனம். ஆகவே இதன் வேகம் பாதியாக 36 மீட்டர் ஆகிறது. 18 மீட்டரில் இரண்டு குண்டுகளும் சரிசமமாக 76ல் இருக்கும். அதன் பிறகு கனமானது முந்திக்கொள்ளும். 54 மீட்டரில் லேசான குண்டு 19ல் தள்ளாடும்போது இது 38ல் போய்க்கொண்டிருக்கும். அறுபது மீட்டரைத் தொட லேசான குண்டுக்கு ஒன்றரை விநாடி, கனமான குண்டுக்கு ஒரு விநாடி.

மெதுவாகக் கிளம்பியது முன்னால் போய்ச் சேருகிறது என்பதை நம்பப் பலருக்கு மனம் வராது. ஸ்னைப்பராகத் தொடங்குகிறவர் முதலில் காசு போட வேண்டியது நல்ல, கனமான குண்டில்தான் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஜப்பானில் 2006 முதல் 6 மில்லிமீட்டர் குண்டுக்கு ஆற்றல் வரம்பு ஒரு ஜூலுக்கும் சற்றுக் குறைவு, ஸ்னைப்பர் உட்பட எல்லோருக்கும் அதேதான். அங்கேயும் ஸ்னைப்பர்கள் இருக்கிறார்கள், ஆடுகிறார்கள்.

சரி, காற்றை ஒருவழியாகச் சமாளித்தாயிற்று. புவியீர்ப்பு? தோள் உயரத்திலிருந்து கிடையாகச் சுட்ட எதுவும் அரை விநாடிக்குச் சற்று மேலான நேரத்தில் தரையைத் தொட்டுவிடும். அந்த நேரத்தில் நம் 0.40 கிராம் குண்டு சுமார் 40 மீட்டர்தான் போயிருக்கும். அறுபதை எட்ட வேண்டுமானால் அதை யாரோ தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஹாப்-அப்.

இதன் முன்கதை சுவாரசியமானது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ் ஒரு மஸ்கட் துப்பாக்கியின் குழல் நுனியை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துவிட்டுச் சுட்டுப் பார்த்தார். குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பியது, போகப்போக வலப்பக்கம் திரும்பியது! வளைவில் வரும்போது குண்டு குழலின் வலது சுவரில் உரசுகிறது. உரசியதால் சுழல்கிறது. சுழல்கிற குண்டைக் காற்று வலப்பக்கம் தள்ளுகிறது. எந்தப் பக்கம் உரசுகிறதோ அந்தப் பக்கமே போகும். பின்னர் 1852ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் குஸ்டாவ் மாக்னஸ் இதை ஆராய்ந்தார். பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது, மாக்னஸ் விளைவு. ராபின்ஸ் பாவம்.

அந்த உரசலை வலது சுவரிலிருந்து மேல் சுவருக்கு மாற்றினால் ஹாப்-அப். குழல் தொடங்கும் இடத்தில், மேல்பக்கம், சின்னதாக ஒரு ரப்பர் மேடு குழலுக்குள் எட்டிப்பார்க்கும். குண்டின் உச்சி அதில் உரச, குண்டு பின்னோக்கிச் சுழன்றபடி வெளியே போகும். டேபிள் டென்னிஸில் பந்தின் அடியைச் சீவி அடித்தால் அது விழாமல் மிதந்து போகுமே, அதே சுழற்சி. குண்டின் மேல்பரப்பு, எதிரே வரும் காற்றோடு சேர்ந்து அதே திசையில் நகர்வதால், காற்று அங்கே நீண்ட நேரம் ஒட்டியிருந்து கீழ்நோக்கி வழுக்கிப் போகிறது. அடிப்பரப்பில் காற்று சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. மொத்தத்தில் குண்டு காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று குண்டை மேலே தள்ளுகிறது.

ரப்பரை எவ்வளவு இறக்குவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. குறைவாக இறக்கினால் குண்டு சீக்கிரம் விழும். அதிகமாக இறக்கினால் வானத்தைப் பார்த்து ஏறிப் பாதி வழியில் தொப்பென்று இறங்கும். தூக்கும் விசை ஏறக்குறைய குண்டின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். முழுக்கச் சமமாக வைக்க முடியாது, வேகம் குறையக் குறைய விசையும் குறையும். அதனால் பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி தட்டையாக, கடைசியில் லேசாகத் தலை தூக்கி விழுகிற மாதிரி வைத்துக்கொள்வது வழக்கம். கனமான குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும், அதனால் குண்டின் எடையை மாற்றினால் ஹாப்-அப்பையும் மாற்றியே ஆக வேண்டும். 0.50 கிராம் குண்டையே எல்லோரும் வாங்கிவிடாததற்கும் இதுவே காரணம்: தூக்கிப் பிடிக்க அந்த ரப்பருக்குத் தெம்பு வேண்டும். குளிரில் ரப்பர் இறுகிவிடும், காலையில் வைத்த அளவு மதியத்தில் பொருந்தாது. குழலுக்குப் போடும் எண்ணெய் கொஞ்சம் ரப்பரில் பட்டாலும் குண்டு உரசாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. தூக்கும் விசை எப்போதும் வானத்தை நோக்கி வேலை செய்வதில்லை, ரப்பர் மேடு இருக்கும் பக்கம் வேலை செய்கிறது. துப்பாக்கியை வலப்பக்கம் 10 டிகிரி சாய்த்துப் பிடித்தால் அந்த விசையில் ஆறில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும். ஒரு விநாடிப் பறப்பில், அறுபது மீட்டரில், அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விலகல். மரத்தின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு சுடும்போது எப்போதும் ஒரே பக்கம் தவறுகிறதென்றால் ஸ்கோப்பைத் திருகாதீர்கள், முதலில் துப்பாக்கி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்கோப்பின் மேல் ஒரு சின்ன ரசமட்டம் ஒட்டினால் போதும். நான் கண்ட மிகச் சிக்கனமான அப்கிரேடு அதுதான்.

குழல் நீளமாக இருந்தால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கையும் அசைக்க முடியாதது. 430 மில்லிமீட்டர் நீளமும் 6.03 உள்விட்டமும் உள்ள குழலுக்குள் சுமார் 12 கன சென்டிமீட்டர் காற்றுக்கு இடம் இருக்கிறது. சிலிண்டர் தரும் காற்று குண்டு வெளியேறும்வரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல் நீட்டினால், தள்ள ஆள் இல்லாமல் குண்டு குழலுக்குள்ளேயே வேகம் இழக்கும். டோக்கியோ மருய் நிறுவனம் தன் வி.எஸ்.ஆர்-10 துப்பாக்கியை 430 மில்லிமீட்டர் குழலோடும் விற்கிறது, 303 மில்லிமீட்டர் குழலோடும் விற்கிறது. நீளத்தைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று, கசிவில்லாமல், ஒரே மாதிரி உரசலோடு குண்டைத் தள்ளுவதுதான் முக்கியம். கிளம்பும் கோணத்தில் ஒரு டிகிரி பிசகினால் அறுபது மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் பிசகும். உள்ளே காற்றுக்குமிழி உள்ள மலிவான குண்டு இந்த உழைப்பையெல்லாம் வீணாக்கிவிடும். தரையில் கிடந்ததைப் பொறுக்கித் திரும்பப் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது குழலையும் கீறிவிடும்.

30 மீட்டருக்குள் இருப்பவரை ஸ்னைப்பர் துப்பாக்கியால் சுடக்கூடாது என்று பல மைதானங்களில் விதி இருக்கிறது. இதற்கும் நம் கணக்கே விடை சொல்கிறது. 2.3 ஜூலோடு கிளம்பிய 0.40 கிராம் குண்டு 30 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 0.7 ஜூலாக இளைத்துவிடும். சாதாரணத் துப்பாக்கியின் வாயில் இருப்பதைவிட அது குறைவு. முப்பதுக்குள் வந்தவருக்காக இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி. ஆற்றலை அளக்கும்போது ஆடப்போகும் குண்டையே போட்டு அளக்க வேண்டும். சில துப்பாக்கிகளில் கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்கி, காற்றிலிருந்து கூடுதல் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டு வரம்பைத் தாண்டிவிடும். கண்ணுக்கு, முகத்தோடு ஒட்டி மூடும் தரச்சான்று பெற்ற கண்ணாடி. கம்பி வலைக் கண்ணாடி வழியே உடைந்த குண்டின் துணுக்குகள் புகும், அதனால் அதை நான் போடுவதில்லை.

ஒளிந்துகொள்வதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஓரக்கண் நிறத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, அசைவைப் பார்க்கிறது. இலைதழை போலத் தோற்றம் தரும் கில்லி உடை எவ்வளவு நல்லதாகப் போட்டிருந்தாலும், போல்ட்டை இழுக்க முழங்கையைத் தூக்கினால் காட்டிக்கொடுத்துவிடும். புதருக்கு மேலே எட்டிப் பார்ப்பதைவிட, புதருக்குப் பின்னால் நிழலில் பின்தள்ளிப் படுத்து இடுக்கு வழியே பார்ப்பது மேல்.

சத்தம் வேறு கதை. நிஜ ஸ்னைப்பர் துப்பாக்கியின் தோட்டா பெரும்பாலும் ஒலியை முந்திக்கொண்டு வரும், இங்கே ஒலிதான் குண்டை முந்துகிறது. அறுபது மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் 0.17 விநாடியில் கேட்டுவிடும், குண்டு வந்து சேர ஒரு விநாடி ஆகும். இடையில் கிட்டத்தட்ட 0.9 விநாடி. தலையைக் குனிய அது தாராளம்! அதனால்தான் தேர்ந்தவர்கள் பிஸ்டன் சிலிண்டர் முனையில் மோதும் ‘டக்’ சத்தத்தைக் குறைக்க அங்கே மெத்தென்ற திண்டு வைக்கிறார்கள். சாதாரணமாக நடப்பவர்கூட அந்த ஒரு விநாடியில் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடுவார். நடப்பவரைச் சுடுவதைவிட அவர் நிற்கப்போகும் இடத்தை ஊகிப்பது எளிது.

கடைசியாகக் காற்று, இந்த முறை பக்கவாட்டில் வீசும் காற்று. விநாடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் மரத்தில் இலைகள் சலசலக்கும், முகத்தில் லேசாகப் படும். அவ்வளவு போதும், 0.40 கிராம் குண்டு அறுபது மீட்டரில் ஒரு மீட்டர் ஒதுங்கிப்போகும். 0.20 கிராமானால் இரண்டு மீட்டருக்கும் மேல். அந்தச் சலசலப்பு என் சத்தத்தை மறைக்கும், ஆனால் என் குண்டை விரட்டும். அதனால் இலைகள் சலசலக்கும்போது இடம் மாறிக்கொள்கிறேன், அடங்கியதும் சுடுகிறேன். சில ஆட்டங்களில் அது அடங்குவதே இல்லை. அன்றைக்கு ஆளை விட்டு ஒரு மீட்டர் தள்ளி, வெறும் புதரைக் குறிபார்த்துச் சுட வேண்டியதுதான்.