பரணில் ஏற வேண்டாம், கொலுவை நிறுத்தவும் வேண்டாம்

கும்பகோணத்தில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு நவராத்திரியையொட்டி இரண்டு கூட்டம் வரும். மகாளய அமாவாசை சமயத்தில் வருபவர்கள் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கியவர்கள். விஜயதசமி கழிந்து வருபவர்கள் அதைத் திரும்ப ஏற்றியவர்கள். அடி பலமாகப் பட்டிருப்பது பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்துக்குத்தான்.

யோசித்தால் ஆச்சரியமில்லை. பூஜை லீவுக்கு வந்த பிள்ளைகள் உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பியாயிற்று. ஒன்பது நாள் சுண்டல், விளக்கு, வருவோர் போவோர் என்று உடம்பு ஓய்ந்திருக்கிறது. எழுபது வயது அம்மா ஒருவர், அவரை விட ஐந்தாறு வயது மூத்த கணவர், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், தகரப் பெட்டி. "சாமானைப் போட்டபடி எப்படி வைத்திருப்பது?" என்று அந்த வாரமே ஏறிவிடுகிறார்கள்.

ஸ்டூலில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது உடம்பு தடுமாறுவதற்குக் காரணங்கள் உண்டு. நாம் நேராக நிற்பதைக் கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி மூன்றும் சேர்ந்துதான் பார்த்துக்கொள்கின்றன. வயதில் மூன்றுமே மங்கும். சர்க்கரை பல வருடமாக இருந்தால் பாதம் மரத்துப் போயிருக்கலாம். தலையைப் பின்னால் சாய்த்தால் சிலருக்குக் கிறுகிறுக்கும். இரண்டு கையிலும் பெட்டி இருந்தால் பிடித்துக்கொள்ளக் கையே இல்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைவதால், சின்ன விழுகையிலும் இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. போகிக்கு ஒட்டடை அடிப்பதற்கும் இதே கதைதான்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பண்டிகை வேலை எதுவானாலும் இடுப்புக்கு மேலே, தோளுக்குக் கீழே இருக்கட்டும். பொம்மைப் பெட்டியை இந்த வருடம் இறக்கியதும் திரும்ப ஏற்றாதீர்கள். ஒரே பெரிய பெட்டியாக இல்லாமல் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகளாகப் பிரித்து, பீரோவின் நடுத் தட்டிலோ மேஜை மேலோ நிரந்தரமாக வையுங்கள். களிமண் பொம்மை கனக்கும், காகிதக்கூழ் பொம்மை லேசு. இனி வாங்குவதானால் அதைப் பாருங்கள். கொலுவையும் தரையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் மேல் இரண்டு பலகை வைத்து வேட்டி விரித்தால் மூன்று படி. குனியாமல், ஏறாமல் அடுக்கி முடித்துவிடலாம்.

"மாமியார் காலத்திலிருந்து ஒன்பது படி, நான் எப்படிக் குறைப்பேன்?" என்று திருவிடைமருதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கண் கலங்கிவிட்டார். நான் கேட்டேன், உங்கள் மாமியார் கொலு வைத்தபோது வீட்டில் எத்தனை பேர்? இரண்டு ஓரகத்திகள், கல்யாணமாகாத நாத்தனார், வேலைக்கு ஓர் ஆள், ஓடியாட ஏழெட்டுப் பிள்ளைகள். அந்த ஒன்பது படியை அத்தனை கைகள் தூக்கின. இப்போது இருப்பது நான்கு கை, அதில் ஒன்றுக்குத் தோள் பிடிப்பு. படி ஒற்றைப்படையாக இருந்தால் போதும் என்பதுதான் வழக்கம். மூன்றும் ஒற்றைப்படைதான். கலசம், மரப்பாச்சி இரண்டும் இருக்கட்டும். மற்ற செட்டுகளை முறைபோட்டு வையுங்கள், இந்த வருடம் தசாவதாரம், அடுத்த வருடம் கல்யாண செட். மிச்சத்தை மகளுக்கோ மருமகளுக்கோ இப்போதே கொடுத்துவிடலாம். பரணில் பூச்சி அரிப்பதை விட அவர்கள் வீட்டு ஷோகேஸில் இருப்பது நல்லதில்லையா?

இப்போது அந்த அம்மா வைப்பது மூன்று படி. சம்பந்தி ஏதோ சொன்னாராம். சொல்லட்டும்.

வாசல் கோலத்தை நான் நிறுத்தச் சொல்வதில்லை. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு உட்காருங்கள் என்பதிலும் எனக்குச் சம்மதமில்லை, காலையில் நாலு பேரைப் பார்த்துப் பேசுவதும் மருந்துதான். ஆனால் முழங்கால் மடக்காமல் இடுப்பை வளைத்துக்கொண்டு அரை மணி நேரம் போடும் பெரிய புள்ளிக்கோலம், எலும்பு தேய்ந்த முதுகுக்கு ஆகாது. முள்ளெலும்பு நசுங்கலாம். குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கை எட்டும் அளவுக்குச் சின்னக் கோலம் போடுங்கள். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு நிமிடம் அப்படியே இருந்து, திண்ணையையோ தூணையோ பிடித்து எழுந்திருங்கள்.

நம் பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல், முற்றம். ஐப்பசி மழையில் தாழ்வாரம் நனைந்து வழுக்கும். அங்கேதான் தீபாவளியன்று விடியலில், அரைத் தூக்கத்தில், உள்ளங்காலில் எண்ணெயோடு நடக்கிறோம். எண்ணெய் தேய்ப்பதைக் குளியலறையிலேயே நாற்காலி போட்டுச் செய்யுங்கள், பாதத்துக்கு மட்டும் வேண்டாம். சீரியல் செட் ஒயரை நடைபாதையில் ஓட விடாதீர்கள். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டலாம், தப்பில்லை.

விருந்தாளிகள் விஷயத்தில் ஒன்பது நாளும் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டுமா? இரண்டு மாலையைக் குறித்துப் போனில் சொல்லிவிடுங்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமப் பைகளைப் பகலிலேயே உட்கார்ந்து போட்டு வைத்தால் ஆள் வர வர எழுந்து ஓட வேண்டாம். வருபவர்களும் உங்கள் வயதுக்காரர்கள்தான், பாயை மடித்துவிட்டு நாற்காலி போடுங்கள். முறுக்கு, அதிரசம் எல்லாம் ஆர்டர் எடுத்துச் செய்பவர்களிடம் சொல்லிவிடலாம். கையால் செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பட்சணம் போதும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. கொலு பார்க்க வருவதை விட, விஜயதசமி கழிந்து பொம்மைகளை எடுத்து வைக்க வாருங்கள். அந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த சனி, ஞாயிறு வந்து எடுத்து வைத்துக் கொடுங்கள். அதுவரை பொம்மைகள் ஒரு துணியை மூடிக்கொண்டு மேஜையிலேயே இருக்கட்டும்.

இத்தனைக்கும் மீறி யாராவது விழுந்துவிட்டால் காலைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். பார்க்க அப்படித் தெரியாவிட்டாலும், காலை ஊன்ற முடியாத அளவு வலித்தால் முறிவென்றே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கி உட்கார வைப்பது, எண்ணெய் போட்டு உருவிவிடுவது இரண்டும் கூடாது. அசைக்காமல் படுக்கவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள், அறுவை தேவைப்பட்டால் ஓரிரு நாளுக்குள் செய்வதுதான் நல்லது. பதற்றத்தில் காபி கலந்து கொடுக்க வேண்டாம், அறுவைக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டியிருக்கும். சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு ஆம்புலன்ஸில் கூடவே அனுப்புங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை அதில் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.