நூற்கண்டில் ஒரு போலி வால்

அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். புரதங்களைக் கட்டும் செங்கற்களான இந்த நான்கு அமினோ அமிலங்கள் இதே வரிசையில் நம் செல்களில் முக்கியமான ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கொரோனா வைரஸின் ஒரு புரதத்திலும் அதே நான்கு, அதே வரிசை.

நம் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ இருக்கிறது. அது சிக்கு விழாமல் ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நூற்கண்டு மாதிரி. கண்டிலிருந்து வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் முனையில்தான் சூட்சுமம். அந்த நான்கும் உட்கார்ந்திருப்பது இங்கேதான். அங்குள்ள லைசினில் அசிட்டைல் என்ற சிறு வேதித் துண்டு ஒட்டினால் சுற்று தளர்ந்து மரபணு வேலை செய்யும். அதே இடத்தில் மெத்தில் என்ற வேறு துண்டு மூன்று ஒட்டினால் சுற்று இறுகிவிடும். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, படிக்க முடிகிறதா இல்லையா என்பதுதான் மாறுகிறது. எபிஜெனெடிக்ஸ், அதாவது மேல்மரபியல், என்பது இதைத்தான்.

வைரஸின் ஓஆர்எஃப்8 என்ற புரதம் அதே நான்கை வைத்துக்கொண்டு இந்த வாலைப் போல வேஷம் போடுகிறது. அசிட்டைல் ஒட்டும் நொதி ஏமாந்து, போலி வாலிலும் ஒட்டிவிடுகிறது. அந்த நொதியின் அளவும் குறைகிறது. நூற்கண்டு இறுகி, வைரஸை எதிர்க்க வேண்டிய மரபணுக்கள் சரியாகத் திறக்காமல் போகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் இதைக் காட்டினார்கள்.

சரி, அந்தப் புரதமே இல்லாவிட்டால்? 2020இல் சிங்கப்பூரில் மரபணுத் தொகுதியில் 382 எழுத்துகள் உதிர்ந்துபோன ஒரு வைரஸ் பரவியது. ஓஆர்எஃப்8 பெரும்பாலும் அதோடு போய்விட்டது. அந்த வகை மட்டும் தொற்றிய 29 பேரில் ஒருவருக்குக்கூட ஆக்சிஜன் தேவைப்படவில்லை. வழக்கமான வைரஸ் தொற்றிய 92 பேரில் 26 பேருக்குத் தேவைப்பட்டது. ஆனால் எல்லாப் பழியையும் போலி வால் மேல் போட நான் தயாரில்லை. அந்தப் புரதத்துக்கு வேறு வேலைகளும் உண்டு, பக்கத்து மரபணுவின் ஒரு துண்டும் சேர்ந்தே உதிர்ந்திருந்தது.

நம் பக்கமும் வித்தியாசம் இருக்கிறது. ஸ்பெயினில் வேறு நோய் எதுவும் இல்லாத, 61 வயதுக்கு மேற்படாத 407 நோயாளிகளைப் பார்த்தார்கள். லேசாக வந்து போனவர்களுக்கும் மூச்சுத் திணறியவர்களுக்கும் இடையே டிஎன்ஏவின் மேலேயே நேராக ஒட்டும் மெத்தில் அடையாளங்கள் 44 இடங்களில் வேறுபட்டன. ஆனால் தொற்று வந்தபின் எடுத்த ரத்தம் அது. காரணமா விளைவா என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

எனக்கு அதிகம் உறுத்துவது 2023இல் வந்த இன்னொரு ஆய்வு. மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் ரத்தத்தில் சில நாட்கள்தான் இருக்கும். ஆனாலும் கடுமையான கோவிட்டிலிருந்து மீண்டவர்களிடம், ஓராண்டு வரைகூட, அவை சட்டென்று கொதிக்கும் நிலையிலேயே இருந்தன. தழும்பு விழுந்தது அவற்றில் அல்ல, அவற்றைப் பெற்றெடுக்கும் ரத்த ஸ்டெம் செல்களில். தாய் செல்லில் திறந்த நூற்கண்டு பிள்ளைகளிலும் திறந்தே இருந்தது. அதற்கு ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் ஒரு காரணம். எலிகளில், செல்லில் அது வந்து ஒட்டும் ஏற்பியை ஆரம்பத்திலேயே தடுத்தபோது இந்தத் தழும்பு மங்கியது. அதே ஏற்பியைத் தடுப்பதுதான் டோசிலிசுமாப்: மூட்டுவாதத்துக்கென்று வந்து, 2021இன் இரண்டாம் அலையில் நம் ஊர்க்காரர்கள் கடை கடையாக ஏறி இறங்கித் தேடிய அதே ஊசி.