அம்மா வீட்டில் யாருக்குச் சர்க்கரை?

சோமனூர், பல்லடம் பக்கமிருந்து வருகிறவர்களிடம் காதைப் பற்றிக் கேட்டால், "தறிச் சத்தத்துல மந்தமாயிருச்சுங்க" என்பார்கள். கண் மங்கினால், "சக்கரை கண்ணுல இறங்கிருச்சு". பலருக்கு இரண்டுமே உண்மைதான். ஆனால் ஒல்லியான உடம்பு, 40 வயதுக்குள் சர்க்கரை, இரண்டு காதும் மந்தம் என்று ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால், நான் தறியை விட்டுவிட்டு அம்மா வீட்டை விசாரிப்பேன்.

மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதி) மரபணுவில் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறுவதால் வரும் நோய் இது. 1992-ல் கண்டறிந்தார்கள். எம்ஐடிடி (MIDD) என்போம், அதாவது தாய்வழியாக வரும் சர்க்கரையும் காது மந்தமும். மைட்டோகாண்ட்ரியா தாயின் கருமுட்டை வழியாகத்தான் பிள்ளைக்கு வரும், அப்பாவிடமிருந்து வராது. நம் ஊரில் சிக்கலே இங்கேதான். கூட்டம், குலதெய்வம், பங்காளி எல்லாம் அப்பா வழி. "குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் பங்காளி வீட்டுக் கதைதான் வரும். அதனால் அம்மாயிக்கு, பெரியம்மாவுக்கு, சின்னம்மாவுக்கு, தாய்மாமனுக்கு என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். தாய்மாமனுக்கு இருக்கலாம், அவர் பிள்ளைகளுக்கு அவரால் வராது.

வழக்கமான சர்க்கரையால் கெட்ட விழித்திரையில் ரத்தக்கசிவும் நீர்க்கசிவும் தெரியும். எம்ஐடிடியில் விழித்திரை மையத்தைச் சுற்றித் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கும். நடுப்பகுதி கடைசிவரை தப்பிப்பதால் கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரிவரை படித்துவிடுவார். பேப்பர் படித்தால் மட்டும் எழுத்து விட்டுப்போகிறது என்பார். அந்தப் புகாரைத் தட்டிவிடக் கூடாது. ஆட்டோஃப்ளூரசன்ஸ் என்ற விழித்திரைப் படம் எடுத்தால் திட்டுகள் தெளிவாகத் தெரியும்.

சொந்தத்தில் கட்டியதால் வருவதா என்று கேட்பார்கள். இது அப்படியல்ல. சிறுவயதுச் சர்க்கரையோடு பார்வை நரம்பும் கெடும் உல்ஃப்ரம் நோய்க்குத்தான் அந்தக் கேள்வி பொருந்தும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். பள்ளி வயதிலேயே இன்சுலின் போடும் பிள்ளைக்குப் பார்வையும் குறைந்தால் பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எம்ஐடிடிக்கு மரபணுப் பரிசோதனை உண்டு. வயதாக ஆக ரத்தத்தில் இந்த மாற்றத்தின் அளவு குறைந்துவிடும் என்பதால் சிறுநீரில் பார்ப்பது மேல். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் பெயர் தெரிந்தால் சிகிச்சை மாறும்: மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள்), இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதிப்பார்கள். காது மிகவும் மோசமானால் காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) நன்றாகவே பலன் தருகிறது. அப்புறம், உறுதியானதும் கூடப்பிறந்தவர்களுக்கும், பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளுக்கும் சர்க்கரையையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.