கரண்ட் வைக்கும் வாரங்களில் எடையைக் கைவிடாதீர்கள்

"கரண்ட் வெச்சா உடம்பு இளைக்கத்தானே செய்யும்" என்று வீட்டார் ஆறுதலாகச் சொல்வதுண்டு. தலை, கழுத்துப் புற்றுக்குக் கரண்ட், அதாவது ரேடியேஷன் (கதிர் சிகிச்சை) எடுப்பவரிடம் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த இளைப்பு சிகிச்சையையே கெடுக்கும்.

சிகிச்சைக்கு முன்பே முகத்தின் மேல் வார்த்து ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்வார்கள். தினமும் அதை மாட்டி மேஜையோடு பூட்டிய பிறகுதான் கதிர் பாயும். கன்னமும் கழுத்தும் வற்றிவிட்டால் மாஸ்க் தொளதொளத்துவிடும், உள்ளே தலை அசையும். சில மில்லிமீட்டர் விலகினாலே போதும், கட்டிக்குப் போகவேண்டிய கதிர் பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவில் விழும். மறுபடி ஸ்கேன், புது மாஸ்க் என்று நாள் தள்ளிப்போனால், மிஞ்சிய புற்றுசெல்கள் பெருக அவகாசம் கிடைக்கும்.

வழக்கமாக 6, 7 வாரம், வாரத்துக்கு 5 நாள் சிகிச்சை. வாய்ப்புண் 2, 3ஆம் வாரத்தில் தலைகாட்டும், முடிந்த பிறகும் சில வாரம் நீடிக்கும். ஆகவே விழுங்க முடிகிற முதல் வாரத்திலேயே டயட்டீஷியனைப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு 1500–1800 கலோரி, 60–90 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். விழுங்க வலிக்கிறதென்று எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கரைக்கிறார்கள். வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை. நீரைக் குறைத்துப் பாலில் அரையுங்கள். 200 மில்லி கொழுப்பு நீக்காத பாலில் சுமார் 130 கலோரி, 6–7 கிராம் புரதம் உண்டு. அதில் 2 மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்தால், டம்ளர் பெரிதாகாமலே புரதம் 10 கிராமை எட்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தால் இன்னும் 40 கலோரி வரை. மூன்று வேளைக்குப் பதில் ஆறேழு வேளை, ஆறவைத்து, காரமும் புளிப்பும் இல்லாமல் கொடுங்கள்.

வலிமாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரை ஆறவைத்து, உப்பும் சமையல் சோடாவும் தலா ஒரு தேக்கரண்டி கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது. குடிக்கும்போது இருமல் வந்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறதோ என்று பார்க்க வேண்டும், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே மெஷினில், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். 60 கிலோ 57 ஆனால் 5 சதவீதம் போய்விட்டது. பருமனானவர் இளைத்தால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் அவருக்கும் தசைதான் கரைகிறது. நீர் கோத்துக் கால் வீங்கியிருந்தால் எடைமெஷினும் ஏமாற்றும்.

மூக்கு வழியாகவோ வயிற்றிலோ டியூப் வைக்கச் சொன்னால் "கடைசிக் கட்டமோ" என்று பதற வேண்டாம். வாய் ஆறும்வரை உணவு போக ஒரு வழி, அவ்வளவே. டியூப் இருந்தாலும், மருத்துவர் தடுக்காதவரை, தினமும் சில மிடறாவது விழுங்கட்டும். விட்டுவிட்டால் விழுங்கும் தசை இறுகிப்போகும்.

அடிவயிற்றில் கதிர் வைப்பவருக்குத் தொல்லையே வேறு, வயிற்றுப்போக்கு. நார்ச்சத்தைத் தற்காலிகமாகக் குறைக்கச் சொல்லலாம், நீரும் உப்பும் ஈடுகட்டப்பட வேண்டும்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கு, டியூப் வைத்ததும் முழு அளவு ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் என்ற உப்புகள் சடசடவென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். ரத்தப் பரிசோதனை பார்த்து, தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் கூட்டுவார்கள்.