மருந்து உருமாற்றம்: 'நச்சு நீக்கம்' ஏன் தவறு?

விழுங்கிய மாத்திரையைக் கல்லீரல் என்ன செய்கிறது என்று கேட்டால், தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சி தொடங்கி வாட்சாப் குறிப்பு வரை ஒரே பதில்தான்: 'நச்சு நீக்கம் செய்கிறது'. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உடல் மருந்தை வேறு பொருளாக மாற்றுவதைக் குறிக்க மருந்தியலில் வரும் 'மெட்டபாலிசம்' என்ற சொல்லுக்கு இதைவிடத் தப்பான தமிழ் கிடைப்பது அரிது.

கிரேக்கத்தில் 'மெட்டபோலே' என்றால் மாற்றம். அவ்வளவுதான், அதில் நஞ்சும் இல்லை, நீக்கமும் இல்லை. நம் பாடநூல்கள் வளர்மாற்றம், சிதைமாற்றம் இரண்டையும் சேர்த்து 'வளர்சிதை மாற்றம்' என்றன. இலங்கையில் 'அனுசேபம்' என்பார்கள். இந்த மாற்றங்களை முடுக்கிவிடும் என்சைமுக்கு இங்கே நொதி, அங்கே நொதியம். ஜெர்மானியர் கூனே 1877இல் 'என்சைம்' என்று பெயர் வைத்தபோது ஈஸ்டுக்குள் இருப்பது என்ற பொருளில்தான் வைத்தார். 'நொதி'யும் நொதித்தலிலிருந்து பிறந்ததுதான் என்பதால் அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டையெல்லாம் நச்சு நீக்கத்தோடுதான். முதலில் கோடீனை எடுத்துக்கொள்வோம். இருமலுக்கும் வலிக்கும் தரும் இந்த மருந்துக்குத் தன்னளவில் வலி போக்கும் வலு குறைவு. கல்லீரலில் உள்ள 2டி6 என்ற நொதி அதில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. வலி குறைவது பெரும்பாலும் அதனால்தான். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாது, அவர்களுக்குக் கோடீன் கொடுத்தும் பயன் இருக்காது. வேறு சிலருக்கு நொதி மிதமிஞ்சி வேலை செய்யும். அப்படிப்பட்ட குழந்தைகள் டான்சில் அறுவைக்குப் பிறகு வழக்கமான அளவு கோடீனுக்கே மூச்சு அடங்கி இறந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடும் எச்சரிக்கை விட்டது. இங்கே கல்லீரல் எந்த நச்சை நீக்கியது?

குளோபிடோக்ரெல் கதையும் இதே. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க அன்றாடம் போட்டுக்கொள்ளும் மாத்திரை இது. 2சி19 நொதி மாற்றிக் கொடுக்காவிட்டால் அது வெறும் மாத்திரைதான். இந்த நொதி குன்றியவர்கள் ஐரோப்பியரைவிட ஆசியரிடையே அதிகம் என்பதால் நமக்கும் இது வேண்டிய செய்தி.

பாராசிட்டமாலில் கதை தலைகீழ். பெரும்பகுதி ஒழுங்காக வெளியேறிவிடும். சிறு பகுதியைத்தான் நொதி நஞ்சாக்குகிறது. கல்லீரல் தன்னிடமுள்ள குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருளைக் கொண்டு அதை அடக்கிவைக்கும். அளவு மீறி விழுங்கினால் குளுட்டாதயோன் தீர்ந்து, கல்லீரலே செத்துப்போகும். மருந்தை விட்டால் 2024இல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்த மெத்தனால் இருக்கிறது. அதைக் கண்ணைப் பறிக்கும் ஃபார்மிக் அமிலமாக மாற்றுவது பெரும்பாலும் கல்லீரல் நொதிகள்தான். அந்த நொதிகளில் ஒன்றை மறிப்பதுதான் சிகிச்சையே. 'நச்சு நீக்கம்' என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்களாம்? 'நச்சு ஆக்கம்' என்றா?

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசநோய் மருந்தான ஐசோனியாசிடைக் கல்லீரல் பெரும்பாலும் செயலிழக்கவே வைக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளை மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர், விரைவாகச் செய்பவர் என்று பிரித்துப் பார்த்தது. ஆனால் செயலிழந்தது மருந்து, நச்சு அல்ல.

'மருந்துச் சிதைவு' என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. மருந்துகள் கொழுப்பில் எளிதாகக் கரைவதால்தான் செல்சவ்வைத் தாண்டி உள்ளே போகின்றன. அதே காரணத்தால் சிறுநீரகத்தில் தங்காமல் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடும். நீரில் கரையும்படி மாற்றினால்தான் வெளியேறும். அதற்காகக் கல்லீரல் பல மருந்துகளோடு இன்னொரு பொருளை ஒட்டவைக்கிறது. பாராசிட்டமாலின் மூலக்கூறு எடை 151. குளுகுரோனிக் அமிலம் ஒட்டியபின் 327. இரண்டு மடங்குக்கு மேல் பெருத்த ஒன்றைச் சிதைந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே 'மருந்து உருமாற்றம்' என்பதே என் தேர்வு. புழு பட்டாம்பூச்சி ஆவதும் உருமாற்றம், கொரோனா வைரஸ் மாறியதும் உருமாற்றம், குழப்பமாகாதா என்பார்கள். 'மருந்து' என்று முன்னால் போட்டுவிட்டால் எந்தக் குழப்பமும் வராது. தூயதமிழ் அன்பர்களுக்கு 'உரு' வடசொல்லோ என்ற ஐயம் வரலாம். அந்த வழக்கை அவர்களே நடத்திக்கொள்ளட்டும், எனக்குப் புரிவதுதான் முக்கியம்.

மொழிபெயர்ப்பாளர்கள் பக்கம் வந்தால் வயிறு எரிகிறது. நொதி குன்றியவரை 'மோசமான வளர்சிதைமாற்றி' என்று எழுதுகிறார்கள். பாவம், படிக்கிற நோயாளி தான் என்ன மோசம் செய்தோம் என்று திகைப்பார். 'மாற்றுதிறன் குன்றியவர்', 'மிகுவேகமாக மாற்றுபவர்' என்றால் ஆகாதா?

இதையும் மிஞ்சியது கிரேப்ஃப்ரூட். குடல் சுவரில் உள்ள 3ஏ4 நொதியை அந்தப் பழச்சாறு முடக்கிவிடும். கொலஸ்டிராலுக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவருக்கு இரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறும். இதைத் 'திராட்சைச் சாறு தவிர்க்கவும்' என்று மொழிபெயர்த்து வைக்கிறார்கள். அது திராட்சையே அல்ல, பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்த எலுமிச்சை இனத்துப் பழம். படித்தவர் திராட்சையை ஒதுக்கிவிட்டு, பம்பளிமாசைச் சுளை சுளையாகச் சாப்பிடுவார். நொதியை முடக்கும் அதே வகைப் பொருள்கள் பம்பளிமாசிலும் இருக்கின்றன.