விறைப்பு: குளிர்நீரில் தூண்டில் பிடிக்கும் கைக்கு உரிய சொல்

விறைப்பு, பெயர்ச்சொல். வினை விறைத்தல். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'விறைக்குது', 'விறைச்சுப் போச்சு', 'விறைக்க விறைக்க' என்று வரும். ஓர் உறுப்பில் தொடுவுணர்வு மங்கி, மடக்கவும் நீட்டவும் முடியாமல் அது இறுகிப்போகும் நிலைதான் விறைப்பு. பெரும்பாலும் குளிரால் வருவது. மருந்தாலும் வரும், அமுக்கத்தாலும் வரும்.

இந்தச் சொல்லை இப்போது எடுத்து எழுதக் காரணம் கனடாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள். மிசிசாகா நகருக்குள்ளால் ஓடும் கிரெடிட் ஆற்றில் இலையுதிர் காலத்தில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் ஏறும். அதை ஒட்டி ஸ்டீல்ஹெட் என்ற ட்ரவுட் மீனும் ஏறும். மீன் ஏறுகிற காலமும் குளிர் முற்றுகிற காலமும் அங்கே ஒன்றுதான். என் மருமகன் ஒருவன் முழங்காலளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியில் சொல்வான்: "மாமா, கை நம்பாப் போச்சு." இவன் மட்டுமல்ல, ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இப்போது அது ஆங்கிலத்து 'நம்ப்' (numb) தான். தமிழில் என்ன என்று கேட்டால் 'உணர்விழப்பு' என்கிறார்கள். வைத்தியக் கட்டுரைக்கு அது போதும். ஆனால் உணர்விழப்பு என்பது பாதிச் சங்கதிதான். உணர்வு போனதை அது சொல்கிறது, விரல் இறுகி முடிச்சுப் போட முடியாமல் நிற்பதைச் சொல்லவில்லை. விறைப்பு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

எங்கள் வீடுகளில் இந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. பல்லுப் பிடுங்கப் போனால் முதலில் போடுவது விறைப்பூசி. சப்பாணி கட்டி நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பினால் "கால் விறைச்சுப் போச்சு, கொஞ்சம் பொறு" என்போம். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியற்புறம் எழும்பி விறைக்க விறைக்க முழுகுவோம். கெட்ட செய்தி கேட்டவர் 'விறைச்சுப்போய்' நின்றார் என்றால், அசையவும் முடியாமல் வாயும் திறக்காமல் நின்றார் என்று பொருள். தமிழ்நாட்டில் இதே சொல் 'விறைப்பாக நிற்கிறார்' என்று பொலிஸ்காரரின் நிமிர்வுக்கும் ஒருவரின் இறுக்கமான சுபாவத்துக்கும் கூடுதலாகப் போகிறது. குளிருக்கும் உணர்வு மங்குவதற்கும் அங்கே 'மரத்துப் போதல்' முன்னுக்கு வந்துவிட்டது. அதுவும் நல்ல சொல்தான், மரம் போல் ஆதல் என்ற பொருள் அதிலேயே தெரிகிறது. ஆனால் குளிரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வருவது விறைப்பு.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கு வல்லின 'ற' தான். இடையின 'ர' போட்டால் விரைதல், அதாவது வேகமாகப் போதல் என்ற சொல்லின் பக்கம் போய்விடும். கை விரைத்தது என்று எழுதினால் கை அவசரப்பட்டது போலத் தோன்றும். விறைத்த கையால் முடியாத ஒன்று இருக்குமானால் அது அவசரந்தான்.

சொல்லின் வேரைத் தேடினால் தொல்காப்பியம் வரை போகலாம். உரியியலில் 'விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே' என்று ஒரு நூற்பா. விறப்பு என்றால் செறிவு, நெருக்கம், இறுக்கம். அடுத்த நூற்பா அதே விறப்புக்கு அச்சம் என்ற பொருளும் உண்டு என்கிறது. இறுகுதலும் அஞ்சுதலும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருப்பது எனக்கு வியப்பாக இல்லை, பயந்தவனின் உடம்பு இறுகத்தானே செய்கிறது. விறைப்பு இந்த விறப்பின் குடும்பத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சொல் என்பது என் எண்ணம். மலையாளத்தில் 'விறய்க்குக' என்றால் நடுங்குதல். நாங்கள் இறுக்கத்தை எடுத்துக்கொண்டோம், அவர்கள் நடுக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். குளிரில் அகப்பட்ட உடம்பு முதலில் நடுங்கி, விரல் நுனிகள் பிறகு இறுகுவதை நினைத்தால் இரண்டும் ஒரே வழியில் அடுத்தடுத்து வரும் இரண்டு தரிப்பிடங்கள்.

ஆங்கிலத்து 'நம்ப்' வேறு பாதையில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'நிமன்' என்றால் எடுத்தல், பற்றுதல். அதிலிருந்து 'பற்றப்பட்டது' என்ற பொருளில் வந்ததே நம்ப். சுறுசுறுப்பான கைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'நிம்பிள்' கூட அதே வேரில் பிறந்ததுதான். சட்டென்று பற்றும் கை நிம்பிள், குளிர் பற்றிக்கொண்ட கை நம்ப்.

யாழ்ப்பாணத் தமிழில் குளிருக்கு ஒரு படிவரிசையே இருக்கிறது. பொதுவான குளிருக்குக் கூதல். 'கூதலடிக்குது' என்று போர்வையை இழுத்துக்கொள்வோம். இது சங்கத் தமிழின் கூதிரோடு உறவுள்ளது. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கூதிர்க்காலம். நெடுநல்வாடையில் பெருமழையில் நனைந்த கோவலர் கூட்டமாக நின்று கையில் நெருப்பின் சூடேற்றி நடுங்கும் காட்சி இந்தக் காலத்துக்குரியதுதான். குளிர் கூடினால் கொடுகுதல்: பல்லோடு பல் அடித்து உடம்பு உதறுவது. "பிள்ளை கொடுகுது, துவாயைக் கொண்டு வா." அதற்கும் மேலே போனால் விறைப்பு. எங்கள் ஊரில் வாடைக்காற்று அடிக்கிற தை மாதத்து விடியலிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அருமை. அந்த ஊரில் இவ்வளவு சொற்கள் இருக்கின்றன. பூச்சியத்துக்குக் கீழே வாழப் போன எங்கள் பிள்ளைகள் இவற்றை இங்கே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

சரி, கைக்குள் என்ன நடக்கிறது? உடம்பு குளிரத் தொடங்கினால் இதயத்தையும் மூளையையும் காப்பதற்காகத் தோலுக்கும் விரல்களுக்கும் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். விரலுக்குள் தசை என்று சொல்ல ஏதுமில்லை. அதை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன, நரம்பு போன்ற நாண்கள்தான் விரலுக்குள் வருகின்றன. ஆகவே தானே சூடு உண்டாக்க விரலுக்கு வழியில்லை, இரத்தம் கொண்டுவருவதுதான் அதன் சூடு. விரற்தோலின் வெப்பம் ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே போகும்போது நுண்ணிய வேலை தடுமாறும். 8 பாகையளவில் தொடுவுணர்வே மங்கிவிடும். முதலாவதை இறுக்கம் என்றும் இரண்டாவதை மரப்பு என்றும் பிரித்தால், விறைப்பு இரண்டையும் அடக்கிய சொல்.

இன்னொன்றும் நடக்கும். குளிரில் வைத்த விரல் ஐந்து பத்து நிமிடத்தில் தானாகக் கொஞ்சம் சூடேறி மறுபடி குளிரும். சுருங்கிய குழாய்கள் இடையிடையே திறந்து மூடுவதே காரணம். இதை 1930இல் எழுதி வைத்தவர் தோமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர். குளிர்நீரிலேயே தொழில் செய்பவர்களுக்கு இது வலுவாக இருக்கும். கனடாவின் காஸ்பே மீனவர்களின் கையை 1960இல் வெளிவந்த ஆய்வொன்றில் குளிர்நீரில் வைத்துப் பார்த்தபோது மற்றவர்களைவிடச் சூடாக இருந்தது. இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான குருநகரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கிருந்து 1956இல் நோர்வேக்குப் போனவர், அங்கே குடியேறிய முதல் ஈழத்தமிழர் என்று சொல்லப்படும் அந்தோனி இராசேந்திரம். பின்னர் 1980களில் எங்கள் ஆட்கள் பலர் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். விறைப்பு என்ற சொல்லை முழுப்பொருளில் அறிந்த தமிழ்க் கைகள் அவை.

இனித் தூண்டிலுக்கு வருவோம். கிரெடிட் ஆற்றில் மருமகன் செய்வதை ஆங்கிலத்தில் 'ஃபிளை ஃபிஷிங்' என்பார்கள். ஈத்தூண்டில் என்று சொன்னால் வீட்டில் மொய்க்கும் இலையான் நினைவுக்கு வரும். இறகும் நூலும் கட்டி ஆற்றுப்பூச்சி போலச் செய்த பொய்யிரை அது. ஆகவே பூச்சித் தூண்டில் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் தங்கூசியில் (நைலோன் தூண்டில் இழையில்) ஈயம் கட்டி எறிபவருக்கு இது விசித்திரமாகத் தெரியும். இதில் இரைக்குப் பாரமே இல்லை. பாரம் முழுவதும் தடித்த நூலில்தான், அந்த நூலைத்தான் காற்றில் வீசுகிறார்கள். வீசிய பிறகு நூலை இடக்கையால் சிறிது சிறிதாக இழுத்து, தடியைப் பிடித்த வலக்கையின் சுட்டுவிரலுக்கு அடியால் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் நூல் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து அதே விரலில் வழித்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். அதோடு நூல் ஓடும் வளையங்களில் பனிக்கட்டி பிடிக்கும், அதையும் விரலால்தான் உடைக்க வேண்டும். போதாததற்கு மயிரிழைத் தங்கூசியைச் சின்னஞ்சிறு கொளுக்கியின் கண்ணில் கோத்து முடிச்சுப் போடுகிற வேலை. விறைப்பு முதலில் களவெடுப்பது அந்த முடிச்சைத்தான்.

அதனால் முழுக் கையுறை போட்டுக்கொண்டு இந்த வேலை நடக்காது. கையுறை என்று எழுதுகிறேன், பேச்சில் 'கிளவுஸ்' தான். சங்க அகப்பாடல்களில் கையுறை என்றால் தலைவன் கொண்டுவரும் தழை போன்ற பரிசு. கைக்கு உறை என்ற பொருள் பிந்தியது, நன்றாகவே பொருந்திக்கொண்டது. பூச்சித் தூண்டில்காரருக்கு ஏற்றது விரல் நுனி திறந்த கம்பளிக் கையுறை. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், பருத்தி நனைந்தால் கையில் இருக்கும் சூட்டையும் உறிஞ்சிவிடும். உள்ளே வைத்தியர்கள் போடுவது போன்ற மெல்லிய நைத்ரைல் உறை ஒன்றைப் போட்டால் தண்ணீரும் காற்றும் தோலைத் தொடாது, முடிச்சும் போடலாம். பொக்கற்றில் காய்ந்த சோடி ஒன்று இருக்க வேண்டும்.

மீன் அகப்பட்டதும் பலர் தவறுவது அடுத்த நிமிடத்தில். விடப்போகிற மீனைக் கம்பளிக் கையுறையோடு பிடித்தால் அதன் உடம்பிலுள்ள வழுவழுப்பு உரிந்து, மீனுக்கு நோய் பிடிக்கும். கையுறையைக் கழற்றி, கையை நனைத்துத்தான் தொட வேண்டும். விட்டவுடன் சின்னத் துவாயால் விரல் இடுக்கு உட்பட ஈரம் போகத் துடைத்து, கையைக் கமக்கட்டுக்குள் வைக்க வேண்டும். ஈரக் கையை அப்படியே கையுறைக்குள் நுழைப்பவருக்கு அன்று மிச்ச நேரம் முழுக்க விறைப்புத்தான்.

சூட்டுப் பொட்டலங்கள் கடைகளில் விற்கின்றன. உள்ளே இருப்பது இரும்புத்தூளும் உப்பும் கரித்தூளும். காற்றுப் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துருப்பிடித்தல் தருகிற சூடுதான் அது. ஆகவே நனைந்தாலும் காற்றுப் புகாமல் இறுக்கி வைத்தாலும் வேலை செய்யாது. உள்ளங்கையில் வைத்தால் தடியைப் பிடிக்க முடியாது. மணிக்கட்டின் உட்புறம், நாடி பார்க்கும் இடத்தில் வைத்துக் கட்டினால் விரலுக்குப் போகும் இரத்தம் சூட்டோடு போகும். மணிக்கட்டும் முன்னங்கையும் நெஞ்சும் தலையும் மூடியிருந்தால் உடம்பு விரலுக்கு இரத்தத்தைத் தாராளமாக விடும். கைகளைத் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றினாலும் இரத்தம் நுனிக்கு ஓடும். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டு போவதும் நல்லது.

சுருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிருக்குச் சுருட்டு நல்லது என்று எங்கள் பழைய ஆட்கள் உறுதியாக நம்பினார்கள். புகையிலையின் நிக்கொட்டின் விரலின் இரத்தக் குழாய்களை மேலும் சுருக்கும், விறைப்பு விரைவில் வரும். சாராயம் தோலின் குழாய்களை விரித்து ஒரு பொய்ச்சூட்டைக் காட்டி, உடம்பின் உட்சூட்டை வெளியே விட்டுவிடும். இரண்டையும் ஆற்றங்கரைக்குக் கொண்டு போகாதீர்கள்.

விறைத்த கை தெளியும்போது வருவது உளைவு. யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. எலும்புக்குள்ளிருந்து வருவது போன்ற அந்த வலி இரத்தம் திரும்பி ஓடுவதன் அடையாளம், பயப்பட வேண்டாம். தேய்க்காமல், நெருப்பில் நேரே காட்டாமல், இளஞ்சூட்டில் தெளியவிடுங்கள். விறைத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும்.

தோல் வெளுத்து, மெழுகு பூசியது போலாகி, தொட்டால் கட்டியாக இருந்தால் அதற்கு விறைப்பு என்ற சொல் போதாது. தோலும் அதன் கீழுள்ள திசுவும் உறைந்துவிட்டன, அது பனிக்கடி. அப்படியானால் ஆற்றைவிட்டு வெளியேற வேண்டும். மறுபடி உறைய இடமில்லாத வீடோ ஆசுபத்திரியோ போன பிறகுதான் 37 முதல் 39 பாகை வரையான தண்ணீரில் விரலை வைக்கலாம். பாதிவழியில் சூடேற்றி மறுபடி உறையவிட்டால் சேதம் இரட்டிப்பாகும். அதற்குப் பிறகு நிறமோ உணர்வோ திரும்பவில்லை என்றாலும், கொப்புளம் போட்டாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குளிர் பட்டவுடன் சில விரல்கள் மட்டும் எல்லை பிரித்தாற்போல வெளுத்து, பிறகு நீலமாகிச் சிவக்கிறவர்களுக்கு ரேனோ என்ற நிலை இருக்கலாம். அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குளிர்கால ஆற்றில் கால் வைக்கவே கூடாது.