ஒட்டிய குழாய்க்கு எதற்குச் சூடு?

பெட்ரோல் பங்க் ஒன்றில் குழாய் பதிக்கும் பள்ளத்தை எட்டிப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஃபைபர் கிளாஸ் பைப் இரண்டைப் பசை தடவிச் சொருகினார்கள். உடனே அந்த இணைப்பைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். எபாக்சி பசை தானாகவே இறுகிவிடுமே, ஓர் இரவு பொறுத்தால் போதாதா? இதெல்லாம் வேலையைச் சீக்கிரம் முடிக்கத்தானே?”

சீக்கிரம் முடிக்கவும்தான். ஆனால் அது பாதி பதில். சூடு காட்டாமல் விட்டால் அந்தப் பசை ஓர் இரவு என்ன, ஒரு வருஷம் ஆனாலும் முழுசாக இறுகாது. தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான்.

மண்ணுக்கடியில் ஃபைபர் கிளாஸ் ஏன் வந்தது என்பது தெரிந்த கதை. எஃகு துருப்பிடிக்கும். அமெரிக்காவில் பூமிக்கடியில் கிடந்த எஃகுத் தொட்டிகளும் குழாய்களும் ஒழுகி, நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்து பெரிய பிரச்சினையானது. 1984இல் அதற்காகவே சட்டத்தைத் திருத்தினார்கள். பழைய அமைப்புகளை மேம்படுத்தவோ மூடவோ 1998 டிசம்பர் வரை கெடு விதித்தார்கள். கண்ணாடி இழையை ரெசினில், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினில், தோய்த்துச் சுற்றிச் செய்த குழாய்க்குத் துரு என்ற பேச்சே இல்லை. அந்த இழையைச் சுமார் 55 டிகிரி சாய்வில் சுற்றுவதற்குப் பின்னால் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது: உள்ளழுத்தத்தால் குழாயின் சுற்றுவாக்கில் வரும் இழுவிசை, நீளவாக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு. அதற்குப் பொருந்தும் கோணம் 54.7 டிகிரி. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

இந்தக் குழாயை எஃகு மாதிரி உருக்கிப் பற்றவைக்க முடியாது. ஒருமுறை இறுகிய ரெசின் மறுபடி உருகாது, கருகத்தான் செய்யும். ஆகவே பசைதான் வழி. பைப்பின் முனையைக் கூம்பாகச் சீவுவார்கள். அது நுழையும் வாயும் உள்ளே அதே சரிவில் இருக்கும். பளபளப்பு போய் மங்கலாகும்வரை இரண்டையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் விரல் படக் கூடாது, தோலில் இருக்கும் எண்ணெயே பசையின் பிடிப்பைக் கெடுத்துவிடும். பசையின் இரு பாகங்களான எபாக்சி ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் ஒரே நிறம் வரும்வரை கலந்து, தடவி, சொருகி, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். தட்டத் தட்டப் பசை மெல்லிய படலமாகி, மிச்சம் விளிம்பில் பிதுங்கி நிற்கும். பசை சறுக்குவிசையை நன்றாகத் தாங்கும், உரித்தால் விட்டுவிடும். கூம்பு இணைப்பில் விசை பெரும்பாலும் சறுக்குவாக்கில், அகலமான பரப்பில் விழுகிறது. பாதுகாப்பு பாதி அதிலேயே வந்துவிடுகிறது.

மீதிப் பாதி வேதியியல். எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

எபாக்சி ரெசினை 1930களில் உருவாக்கியவர்களில் ஒருவர் ஸ்விட்சர்லாந்தின் பியேர் காஸ்தான். அவர் தேடியது பல்செட் செய்ய ஏற்ற பொருளை. இந்த ரெசின் இறுகும்போது எதையும் வெளியே விடாது. நீர் ஆவியாவது, கரைப்பான் பறப்பது எதுவும் கிடையாது. அதனால் சுருக்கமும் குறைவு. மூலக்கூறின் இரு முனைகளிலும் இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் சேர்ந்த முக்கோண வளையம் இருக்கிறது. கார்பனின் பிணைப்புகள் 109 டிகிரி விரிந்து நிற்க விரும்புபவை. அவற்றை 60 டிகிரிக்குள் மடக்கி வைத்திருப்பதால் வளையம் எப்போது திறப்போம் என்றே காத்திருக்கிறது. ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்தின் நைட்ரஜன் வந்து முட்டியதும் வளையம் திறந்து அதோடு பிணைகிறது. திறந்த இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதி முளைக்கிறது. அடுத்த வளையம் திறக்க அதுவே துணை செய்கிறது. வினை தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்கிறது.

பிணையக்கூடிய இடங்களைக் கைகள் என்போம். ரெசின் மூலக்கூறுக்கு இரண்டு கை, ஹார்டனரில் இருக்கும் சாதாரண டைஅமீனுக்கு (இரண்டு அமீன் தொகுதி கொண்ட மூலக்கூறு) நான்கு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய மண்டபத்தில் இப்படிப்பட்ட கூட்டம் நடமாடிக்கொண்டே கைகோக்கிறது. முதலில் இரண்டு பேர், மூன்று பேராகச் சின்னக் குழுக்கள். ஒரு கட்டத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே சங்கிலியாகிவிடும். திரவம் ஜெல் ஆகும் கணம் அது. வேதியியலாளர்கள் பால் ஃப்ளோரியும் வால்ட்டர் ஸ்டாக்மேயரும் 1940களில் வகுத்த கணக்குப்படி, சுமார் 58 சதவீதம் கைகள் கோத்ததுமே இது நடந்துவிடும். அதாவது பசை ஓடாமல் நின்ற பிறகும் நாற்பது சதவீதத்துக்கு மேல் கைகள் சும்மா இருக்கின்றன.

அவை என்ன ஆகும்? கூட்டம் பின்னிக்கொள்ளப் பின்னிக்கொள்ள யாராலும் நகர முடியாது. காலியான கை எதிரிலேயே தெரியும், எட்டாது. இப்படி மூலக்கூறுகள் கோத்து உருவாகும் பொருளைப் பாலிமர் என்பார்கள். ஒவ்வொரு பாலிமருக்கும் ஒரு கண்ணாடி நிலை வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே மூலக்கூறுகள் உறைந்து நிற்கும், மேலே போனால் அசையும். கலந்த புதிதில் எபாக்சியில் அது பூஜ்யம் டிகிரிக்கும் கீழே. பிணைப்புகள் கூடக் கூட அது ஏறுகிறது. ஏறி, சுற்றியுள்ள வெப்பநிலையைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டியதும் மூலக்கூறுகள் அசைவிழந்து, வினை கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பசை, தான் இறுகியதாலேயே மேலும் இறுக முடியாமல் போகிறது! இங்கே காத்திருந்து பயனில்லை. சூட்டை ஏற்றினால்தான் மூலக்கூறுகள் மறுபடி அசைந்து, மிச்சக் கைகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும். பட்டை கட்டுவது இதற்காகத்தான்.

கோக்காத கைகள் மிஞ்சினால் வலை தளர்வாக இருக்கும். எரிபொருளின் சிறு மூலக்கூறுகள், குறிப்பாக எத்தனால், அதற்குள் ஊறிப் பசையை உப்பவைத்து மென்மையாக்கும். குழாய் போட்ட அன்று இது எதுவும் வெளியே தெரியாது.

வேலையிடங்களில் ஒரு பழக்கம் உண்டு. டப்பாவில் மிஞ்சிய பசையைத் தட்டிப் பார்த்து “செட் ஆயிடுச்சு” என்று முடிவு கட்டுவது. டப்பாவில் பசை கட்டியாகக் கிடக்கிறது. வினையில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை. பத்து டிகிரி கூடினால் வினைவேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அது மேலும் வெப்பம் தரும், சில சமயம் புகையே கிளம்பும். குழாய்க்குள் இருப்பதோ மெல்லிய படலம், தன் வெப்பத்தைக் குளிர்ந்த சுவரிடம் உடனே கொடுத்துவிடுகிறது. டப்பா இறுகியதற்கும் இணைப்பு இறுகியதற்கும் சம்பந்தமில்லை.

ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்றினால் இன்னும் பலமாக இறுகும் என்பது இதைவிட மோசமான நம்பிக்கை. கூடுதலாக வந்த அமீனுக்குக் கைகோக்க ஆள் இல்லை; வலைதான் தளரும். நாள் நட்சத்திரம் பார்ப்பவரைக் கேலி செய்பவர்கள்கூட இதை யோசிக்காமல் செய்கிறார்கள். அளந்து அடைத்த பொதியை அப்படியே முழுசாகக் கலப்பதுதான் சரி.

இந்தத் துறையில் எனக்கு ஒரு குறை உண்டு. புதுப் பசை கண்டுபிடிக்கிறேன் என்றால் ஆராய்ச்சிப் பணம் வரும். பழைய பசையை எரிபொருளில் போட்டு இருபது வருஷம் அளந்துகொண்டிருக்கிறேன் என்றால் வராது. அதனால் சூடான திரவத்தில் சில மாதம் ஊறவைத்து, அதை வைத்துப் பல பத்தாண்டுகளைக் கணிக்கிறார்கள். கணக்கு மோசமில்லை, ஆனால் தோண்டியெடுத்த பழைய இணைப்புகளை முறையாகப் பரிசோதிக்கவும் யாராவது பணம் ஒதுக்கலாம்.

சரி, பட்டைக்குப் பதில் டார்ச்சைக் காட்டினால் என்ன? எரிபொருள் ஆவி இருக்கக்கூடிய இடத்தில் தீயே ஆகாது. அது இல்லாவிட்டாலும், ஃபைபர் கிளாஸ் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். உள்ளே பசை சூடாவதற்குள் வெளிச்சுவர் கருகிவிடும். பட்டை ஒரே அளவான சூட்டை, தயாரிப்பாளர் சொன்ன நேரம்வரை விடாமல் தரும். பிறகு காற்றழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்ப்பார்கள். அது கசிவைக் காட்டும், அரைகுறையாக இறுகிய பசையைக் காட்டாது. அதைக் கண்டுபிடிக்க, விளிம்பில் பிதுங்கிய பசையில் ஒரு துணுக்கைச் சுரண்டி ஆய்வகத்தில் மெல்லச் சூடேற்றி, அதன் கண்ணாடி நிலை வெப்பநிலை எங்கே இருக்கிறது என்று அளக்க வேண்டும்.